காயினுக்கு இடப்பட்ட அடையாளம்



ஐக்கிய அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், கபிரியேல் தூதர் அன்னை மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நிகழ்வின் பெயரைத் தாங்கிய கத்தோலிக்க ஆலயம் ஒன்றுண்டு. 2025 ஓகஸ்ட் 27ஆம் திகதி காலை, புதிய பாடசாலை ஆண்டின் முதல் வாரத்தில், பங்குப் பாடசாலையின் பிள்ளைகள் அங்கு திருப்பலிக்காகக் கூடியிருந்தனர். அவ்வேளையில் வெளியே நின்ற ஒருவர் ஆலயத்தின் யன்னல்களினூடாகச் சரமாரியாகச் சுட்டார். எட்டு வயதும் பத்து வயதுமான இரு பிள்ளைகள் உயிரிழந்தனர். பலர் காயமுற்றனர். சுட்டவர் தம்மையும் மாய்த்துக் கொண்டார்.

அன்றைய தினம் அந்நகர முதல்வர் கூறிய கருத்தொன்று பலரது உள்ளங்களைத் தைத்தது. எங்கள் நினைவும் செபமும் உங்களுடன் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள், அந்தப் பிள்ளைகள் செபித்துக் கொண்டிருந்தபோதுதானே கொல்லப்பட்டார்கள் என்ற கருத்துப்பட அவர் பேசினார். விசுவாசிகளில் சிலருக்கு அது மனவருத்தத்தை ஏற்படுத்தியது. வேறு சிலரோ அதில் உண்மை உண்டென ஏற்றுக் கொண்டனர். வன்முறையின் முன்னால் நமது செபம் எதனைச் செய்கின்றது? செய்தியைக் கேட்டதும் உதிர்க்கும் ஓர் அனுதாப வார்த்தையாக அது நின்றுவிடுகின்றதா, அல்லது நம்மை எங்கேனும் அனுப்பி வைக்கின்றதா? இக்கேள்வியை அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதென நாம் ஒதுக்கிவிட முடியாது.

முதற் கொலையும் மூன்று செயல்களும்

வேதாகமம் தனது நான்காவது அதிகாரத்திலேயே முதலாவது கொலைச் செய்தியைத் தந்துவிடுகின்றது. அண்ணன் தன் தம்பியை வயல்வெளியில் வைத்துக் கொன்றான். அப்போது இறைவன் மூன்று காரியங்களைச் செய்தார். முதலாவதாக, தம்பி எங்கே எனக் காயினிடம் விசாரித்தார். தம்பிக்கு நான் என்ன காவலாளியா என்ற எதிர்க்கேள்வியே பதிலாகக் கிடைத்தது. இரண்டாவதாக, மண்ணில் சிந்திய ஆபேலின் இரத்தம் தம்மை நோக்கி ஓலமிடுகின்றது என்பதை எடுத்துரைத்துத் தண்டனை விதித்தார். மூன்றாவதாக, எவரும் காயினைக் கொன்றுவிடாதபடி அவன் மீது ஓர் அடையாளத்தை இட்டார்.

பலியானவனுக்காகச் செவிசாய்த்தல், சகோதரனுக்குக் காவலாயிருத்தல், குற்றவாளியின் உயிரையும் காத்தல் ஆகிய இம்மூன்றையும் இறைவன் ஒன்றாகவே செய்தார். நாமோ அவற்றைப் பிரித்துவிடுகின்றோம். இரத்தத்தின் குரலை மட்டும் கேட்போர் பழிவாங்கலில் முடிகின்றனர். அடையாளத்தை மட்டும் காண்போர் பலியானவரின் தாயை மறந்துவிடுகின்றனர். பெரும்பாலானோர் காயினைப் போலவே, நான் என்ன காவலாளியா எனக் கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றனர். கடந்த முப்பத்தைந்து ஆண்டு கால அமெரிக்க வரலாறு இதற்கு நல்லதொரு பாடமாக அமைகின்றது.

அச்சம் காட்டும் கணக்கு

1991ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 24,703 பேர் கொலையுண்டனர். ஓர் இலட்சம் பேருக்குப் பத்துப் பேர் என்ற அளவை அது நெருங்கியிருந்தது. அதன் பின்னர் நிலைமை மாறியது. 2014ஆம் ஆண்டளவில் கொலை விகிதம் அரைவாசிக்கும் கீழே இறங்கிவிட்டது. நியூயோர்க் நகரில் 1990இல் 2,200க்கும் மேற்பட்ட கொலைகள் இடம்பெற்றன. 2018இல் அதே நகரில் இடம்பெற்றவை முந்நூறுக்கும் குறைவானவையே. பொலிஸாரின் எண்ணிக்கை கூடியமை, போதைப்பொருள் சந்தையில் ஏற்பட்ட மாற்றம், பொருளாதார வளர்ச்சி, சிறைவாசம் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எனினும் அறிஞர்கள் இன்றுவரை ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2020இல், பெருந்தொற்றுக் காலத்தில், கொலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 சதவீதத்தால் உயர்ந்தன. பின்னர் 2023இலும் 2024இலும் அவை மீண்டும் பெருமளவு குறைந்தன. 2024இல் மட்டும் கொலைகள் சுமார் 15 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்ததாக எப்.பி.ஐ. அறிவித்தது.

இக்கணக்குடன் மற்றொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கலப் நிறுவனம் 1993 முதல் நடத்திவரும் கருத்துக் கணிப்புகளில், ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் அமெரிக்கர்களில் பெரும்பான்மையோர், நாட்டில் குற்றங்கள் முந்திய ஆண்டைவிடக் கூடிவிட்டன என்றே பதிலளித்துள்ளனர். குற்றம் குறைந்து கொண்டிருந்த காலத்திலும் அச்சம் குறையவில்லை. ஏதோ ஒரு நகரின் ஏதோ ஒரு தெருவில் நிகழும் கொலையைத் தொலைக்காட்சி ஒவ்வோர் இல்லத்தின் விருந்தினர் அறைக்குள்ளும் கொண்டுவந்து வைக்கின்றது. நிகழாமல் போன கொலைகளைக் காட்டுவதற்கு எந்தக் கெமராவும் இல்லை.

அச்சம் பாவமன்று. ஆபத்தை உணர்த்துவதற்கு இறைவன் தந்த உணர்வு அது. ஆனால், நீதிபதியின் ஆசனத்தில் அச்சத்தை அமர்த்தினால் விபரீதம் விளையும். 1989 ஒக்டோபரில் பொஸ்டன் நகரில் கர்ப்பிணியான மனைவியைச் சுட்டுக்கொன்ற ஒரு வெள்ளையினத்தவர், கறுப்பினத்தவர் ஒருவரே கொலையாளி எனப் பொலிஸாரிடம் பொய் கூறினார். நகரம் அதனை உடனே நம்பியது. பொலிஸார் மிஷன் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களை வழிமறித்துச் சோதனையிட்டனர். அப்பாவிகள் சந்தேகநபர்களாக ஊருக்குக் காட்டப்பட்டனர். 1990 ஜனவரியில் உண்மை வெளிவந்தது. கணவன் ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக் கொண்டார். தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரிடம் நகர நிருவாகம் மன்னிப்புக் கேட்டதோ 2023 டிசம்பரில்தான். ஓர் இரவின் அவசரத் தீர்ப்பை ஏற்றுத் திருத்துவதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன!

சட்டத்தையும் அச்சமே எழுதியது. 1994இல் கலிபோர்னியா மாநிலம், பாரதூரமான குற்றங்களுக்காக இருமுறை தண்டிக்கப்பட்டவர் மூன்றாம் முறை குற்றமிழைத்தால் குறைந்தது 25 ஆண்டுகள் முதல் ஆயுள்வரை சிறை எனச் சட்டமியற்றியது. முன்னர் கொள்ளை, வீடுடைப்புக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றிருந்த ஒருவர், கோல்ப் விளையாட்டு மட்டைகள் மூன்றைத் திருடியமைக்காக அத்தண்டனையைப் பெற்றார். 2003இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளால் உறுதிசெய்தது. 2012இல் கலிபோர்னிய மக்களே வாக்களித்து அச்சட்டத்தின் கடுமையைத் தணித்தனர். அதற்கிடையில், 2008ஆம் ஆண்டளவில், நாடு முழுவதிலும் வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் சிறைக்கம்பிகளுக்குள் இருக்கும் நிலை உருவாகிவிட்டது.

இதனை அமெரிக்க ஆயர்கள் கண்டும் காணாதவர்களாக இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் அவர்கள் குற்றமும் குற்றவியல் நீதியும் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டனர். பொறுப்பேற்றல், புனர்வாழ்வு, உறவை மீட்டல் என்பனவே அதன் தலைப்பில் இடம்பெற்ற சொற்கள். பாதிக்கப்பட்டவரைத் தனிமையில் விடாதீர்கள், குற்றவாளியைப் பொறுப்பிலிருந்து தப்பவிடாதீர்கள், ஆனால் அவரைக் கைவிட்டுவிடவும் வேண்டாம் என்பதே அதன் சாரம்.

காவலாளியின் கடமை

சகோதரனுக்குக் காவலாயிருக்கும் பொறுப்பைச் சமூகம் பொலிஸாரிடம் ஒப்படைத்துள்ளது. அது உன்னதமான பொறுப்பு. ஆகவேதான் அது தவறும்போது ஏற்படும் காயமும் ஆழமானது. 2020 மே 25ஆம் திகதி, அதே மினியாபொலிஸ் நகரில், ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாக முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சுவிட முடியவில்லை என அவர் மன்றாடியும் பயனில்லாது போயிற்று. அந்த அதிகாரி 2021இல் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, இருபத்திரண்டரை ஆண்டுகள் சிறைத்தண்டனை பெற்றார்.

கோபாவேசத்தின் மத்தியில் அந்நகர சபை உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பொலிஸ் திணைக்களத்தையே கலைத்துவிடுவதாக வாக்களித்தனர். ஆனால் 2021 நவம்பரில், அத்திணைக்களத்தை அகற்றி வேறொரு பாதுகாப்புத் திணைக்களத்தை அமைக்கும் யோசனை மக்கள் முன் வைக்கப்பட்டபோது, அவர்கள் அதனை நிராகரித்தனர். காவலாளி கொடூரமானவனாக இருக்கக்கூடாது. அதேவேளை காவலாளி இல்லாமலும் இருக்கக்கூடாது. இது முரண்பாடான விருப்பமன்று, நியாயமான எதிர்பார்ப்பாகும்.

பொலிஸாரின் இரத்தமும் மண்ணிலிருந்து ஓலமிடுகின்றது என்பதை நாம் மறக்கலாகாது. 2016 ஜூலை 7ஆம் திகதி டலஸ் நகரில், பொலிஸாரின் வன்முறைக்கு எதிரான அமைதிப் பேரணி ஒன்றுக்குப் பாதுகாப்பளித்து நின்ற ஐந்து பொலிஸ் உத்தியோகத்தர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர். தங்களுக்கு எதிராகவே குரலெழுப்பிய மக்களைக் காத்து நின்றவேளையில் அவர்கள் மாண்டனர். அந்நகரப் பொலிஸ் தலைவராகவிருந்த டேவிட் பிரவுன், தாமும் கறுப்பினத்தவர். அவர் எதிர்ப்பாளர்களைச் சபிக்கவில்லை. பொலிஸ் சேவைக்கு விண்ணப்பியுங்கள், உங்கள் சமூகத்தின் குறைகளைத் தீர்க்க நாம் உதவுவோம் என்று அழைப்பு விடுத்தார்.

முன்னர் குறிப்பிட்ட பொஸ்டன் நகரில் வேறொரு கதையும் உண்டு. 1992இல் அங்குள்ள ஒரு பப்டிஸ்ற் ஆலயத்தில், கொல்லப்பட்ட இளைஞர் ஒருவரின் இறுதி ஆராதனை நடைபெற்றுக் கொண்டிருந்தபோது, குழுவொன்று உள்ளே புகுந்து துக்கத்துக்கு வந்திருந்த ஒருவரைக் கத்தியால் குத்தியது. வீதியில் இருந்த வன்முறை ஆலயத்தினுள் வந்துவிட்டது. ஆலயத்தின் கதவுகளை இறுகப் பூட்டுவதே இயல்பான பிரதிபலிப்பாக இருந்திருக்கும். அந்நகரின் போதகர்கள் சிலர் நேர்மாறாகச் செய்தனர். ஆலயம் வீதிக்குச் செல்லாததனாலேயே வீதி ஆலயத்துக்குள் வந்தது என உணர்ந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் வீதிகளில் நடக்கத் தொடங்கினர். ஆரம்பத்தில் இளைஞர்கள் அவர்களை நம்பவில்லை. பொலிஸாரும் நம்பவில்லை. அவர்கள் தொடர்ந்து நடந்தனர். காலப்போக்கில் போதகரும் பொலிஸாரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். குழுக்களைச் சேர்ந்த இளைஞர்களை நேரில் அழைத்து, சுடுவதை நிறுத்துங்கள், தொழிலுக்கும் கல்விக்கும் உதவுகின்றோம், நிறுத்தாவிடின் சட்டம் தன் முழு வலுவுடனும் வரும் என்று வெளிப்படையாகக் கூறினர். 1990இல் 152 கொலைகளைக் கண்ட அந்நகரம், 1999இல் 31 கொலைகளையே கண்டது. இம்மாற்றம் முழுவதும் போதகர்களால் மட்டுமே வந்ததெனக் கூறுவது மிகையாகும். எனினும், ஆபேலின் தாயையும் காயினின் தாயையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அந்த மேசையில் இருந்தனர் என்பது சாதாரண விடயமன்று.

அழிக்கப்பட்ட அடையாளமும் அழியாத அடையாளமும்

லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்கே, வறிய மக்கள் வாழும் டொலோரெஸ் மிஷன் என்னும் பங்குக்கு 1986இல் கிரெகரி பொய்ல் என்னும் இயேசு சபைக் குருவானவர் பங்குத்தந்தையாக வந்தார். வியாகுல அன்னையின் பெயரைக் கொண்ட அப்பங்கின் எல்லைக்குள் இளைஞர் ஆயுதக் குழுக்கள் பல இயங்கின. பங்கின் தாய்மார் இரவுகளில் கூட்டமாக அவ்வீதிகளில் செபித்தவாறு நடந்தனர். பிள்ளைகளுக்கு வேலையில்லை என்பதே அருட்தந்தை கண்ட முதல் நோய். 1992இல், பொலிஸார் தொடர்பான நீதிமன்றத் தீர்ப்பொன்றை அடுத்து அந்நகரம் கலவரத்தில் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட அதே ஆண்டில், அவர் ஒரு வெதுப்பகத்தை ஆரம்பித்தார். ஒருவரையொருவர் சுட்டுக் கொண்டிருந்த குழுக்களின் இளைஞர்கள் அங்கே அருகருகே நின்று மா பிசைந்தனர். முகத்திலும் கழுத்திலும் குத்தப்பட்ட குழுச் சின்னங்களைக் கட்டணமின்றி அகற்றும் சேவையும் பின்னர் அங்கு ஏற்பட்டது. வெறுப்பின் அடையாளத்தை அகற்றி, உயிர் காக்கும் இறைவனின் அடையாளத்தைக் கண்டுகொள்ளும் பணி அது! இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தமது கைகளாலேயே அடக்கம் செய்த அக்குருவானவர் 2024இல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருதான ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கத்தைப் பெற்றார்.

இனி மன்னிப்புக்கு வருவோம். 2006 ஒக்டோபர் 2ஆம் திகதி, பென்சில்வேனியா மாநிலத்தின் நிக்கல் மைன்ஸ் கிராமத்தில், அமிஷ் கிறிஸ்தவர்களின் சிறிய பாடசாலைக்குள் ஒருவர் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டார். ஐவர் மரித்தனர். சுட்டவரும் தம்மைச் சுட்டுக் கொண்டார். அமிஷ் மக்கள் அவரது மனைவியின் வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறினர். பிள்ளைகளைப் புதைத்த கையோடு அவரது அடக்கத்திலும் பங்கேற்றனர். உலகெங்கிலுமிருந்து வந்த உதவிப் பணத்தில் ஒரு பகுதியை அவரது குடும்பத்துக்கும் வழங்கினர். 2015 ஜூனில் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டன் நகரில், வேதாகம வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பினக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டபோது, இரண்டு நாட்களின் பின் அவர்களது உறவினர் சிலர் நீதிமன்றத்தில் கொலையாளிக்கு மன்னிப்பு வழங்கினர். எல்லா உறவினராலும் அவ்வாறு சொல்ல இயலவில்லை. அவர்களை எவரும் குறைகூற உரிமையற்றவர். மன்னிப்பு ஒரு கொடை; பலியானவரின் குடும்பத்திடம் அதனை நாம் வரிபோல் அறவிட முடியாது.

மன்னித்தால் நீதி என்னாவது என நீங்கள் கேட்கலாம். 1999 ஜனவரியில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகருக்கு வருகை தந்தபோது, மூவரைக் கொன்றமைக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒருவரின் உயிருக்காக மாநில ஆளுநர் மெல் கார்னஹனிடம் பரிந்துரைத்தார். ஆளுநர் கத்தோலிக்கர் அல்லர், மரணதண்டனையை ஆதரித்தவர். ஆயினும் அவர் அதனை ஆயுட்சிறையாக மாற்றினார். குற்றவாளியின் உயிர் காக்கப்பட்டது, தண்டனை நீங்கவில்லை. காயினின் கதையும் அதுவே. அவன் நாடோடியாய் அலைந்தான், ஆனால் கொல்லப்படவில்லை. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரணதண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது எனப் போதித்தபோது, அந்தப் பழைய அடையாளத்தையே நமக்கு மீண்டும் காட்டினார்.

நமது இல்லங்களில்

செபித்துக் கொண்டிருந்தோர் மீது நிகழ்ந்த படுகொலை என்பது இலங்கைக் கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தூரத்துச் செய்தியன்று. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் சிந்திய இரத்தத்தை நாம் அறிவோம். அடுத்த மாதமே, அக்குற்றத்துடன் எத்தொடர்புமற்ற முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதையும் அறிவோம். ஒருவர் செய்த பாவத்தை அவரது இனத்தின்மீது சுமத்தும் அச்சம் பொஸ்டனிலும் ஒன்றுதான், நமது நாட்டிலும் ஒன்றுதான். நம்மில் பலரது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அமெரிக்காவில் கல்வி கற்கின்றனர், தொழில் புரிகின்றனர். அங்கே ஒரு துப்பாக்கிச் சூடு என்றதும் நமது நெஞ்சு பதைப்பது இயல்பே. அந்தப் பதைப்பை எங்கே கொண்டுபோய் வைக்கின்றோம் என்பதிலேயே நமது விசுவாசம் பரிசோதிக்கப்படுகின்றது.

ஆகவே, அன்பான பெற்றோரே, இத்தகைய செய்தி அடுத்தமுறை உங்கள் வீட்டுக்குள் வரும்போது மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலில், கொலையாளியின் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரித்தவர்களை நினைவுகூர்ந்து, அன்றைய குடும்பச் செபமாலையில் ஒரு காரணிக்கத்தை அவர்களுக்காக ஒப்புக்கொடுங்கள். இரண்டாவதாக, செய்தவர் எந்த இனம், எந்த மதம் என்ற கேள்வி பிள்ளைகளிடமிருந்து எழுந்தால், உண்மை தெரியும்வரை பொறுத்திருக்கவும், தெரிந்த பின்னரும் ஒருவரின் குற்றத்தை ஒருவர்மீதே வைக்கவும் கற்றுக்கொடுங்கள். சரிபார்க்காத படத்தையும் செய்தியையும் கைத்தொலைபேசியில் பிறருக்கு அனுப்பாதிருப்பதும் இந்தப் பாடத்தின் ஒரு பகுதியே. மூன்றாவதாக, குற்றவாளிக்காகவும் அவரது தாய்க்காகவும் செபியுங்கள். கஷ்டமாக இருந்தால் கஷ்டமாகவே செபியுங்கள்.

இவற்றோடு செபம் முடிந்துவிடவில்லை. உங்கள் வீதியிலேயே வேலையின்றி, கேட்பாரின்றி, போதைக்கு அடிமையாகும் நிலையில் ஓர் இளைஞன் இருக்கக்கூடும். அவனுடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவனைக் கண்டதும் கதவை அடைக்கின்றீர்களா, பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றீர்களா? மினியாபொலிஸ் நகர முதல்வரின் கேள்விக்கு நம்மால் தரக்கூடிய நேர்மையான பதில் அங்கேதான் இருக்கின்றது. நம்மை எழுப்பிச் சகோதரனிடம் அனுப்பும் செபத்தை எவரும் வெறும் வார்த்தை என்று சொல்ல முடியாது.

ஆண்டவரே, ஆபேலின் இரத்தத்தைக் கேட்ட உமது செவியை எங்களுக்குத் தாரும். காயினைக் காத்த உமது கரத்தை எங்களுக்குக் காட்டியருளும். சகோதரன் எங்கே என நீர் எங்களிடம் வினவும் நாளில், இதோ இவன், என்னோடு நிற்கின்றான் என்று பதிலளிக்கும் வரத்தை எங்கள் குடும்பங்களுக்கு அருள்வீராக. ஆமென்.